டீச்சரம்மாவுக்கு நினைவு மலர் போட்ட கதை

அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. 34 வருஷம் டீச்சர் வேலை, அதுல முக்காவாசி மூணாம் கிளாஸும் நாலாம் கிளாஸும்தான். இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன், உக்காந்தா அழுகை வந்துடும்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன், இப்போ அழுகை அவ்ளோவா வர்றதில்ல, அதுக்குப் பதிலா மறதி வர ஆரம்பிச்சிருக்கு, அதான் பயந்துபோய் எழுதறேன். அம்மா வேலை முடிஞ்சு வந்து காலிங் பெல் அடிக்கறது ரெண்டு தடவையா மூணு தடவையான்னு போன வாரம் யோசிச்சுப் பாத்தேன். சுத்தமா வரல. இருபது வருஷம் தினமும் கேட்ட சத்தம்.

முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன். ஒரு மாசம் கழிச்சு நினைவுக் கூட்டம் வெச்சோம். மூத்தவ நான்தான்ங்கறதால நான் பேசணும்னு முடிவாச்சு. ராத்திரி பூரா உக்காந்து ரெண்டு பக்கம் எழுதினேன். அர்ப்பணிப்பின் மறுவுருவம், அன்பின் சிகரம், தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவத்தி, இப்படியே போச்சு. வாசிக்கும்போது எனக்கே தொண்டை அடைச்சுது, நல்லாத்தான் எழுதியிருக்கோம்னு வேற ஒரு நெனப்பு. கூட்டம் முடிஞ்சு ஒருத்தர் வந்தார், நாப்பது வயசு இருக்கும், அம்மாகிட்ட மூணாவது படிச்சவராம். "ரொம்ப நல்லா பேசினீங்கக்கா, ஆனா யாரப் பத்திப் பேசறீங்கன்னுதான் கடைசி வரைக்கும் பிடிபடல"ன்னார். எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அவரே சிரிச்சுக்கிட்டு, "டீச்சர் ஒருநாளும் இவ்ளோ பெரிய வார்த்தை பேசினதில்லக்கா"ன்னுட்டு, ஒரு விஷயம் சொன்னார்.

அவர் தினமும் லேட்டாத்தான் வருவாராம். வீட்டுல தம்பி தங்கச்சிய கிளப்பி விட்டுட்டு ஓடி வரணும். பேர் அ-வுல ஆரம்பிக்கறதால அட்டெண்டன்ஸ்ல முதல் பேர் அவரோடது, கிளாஸுக்குள்ள கால் வைக்கறதுக்குள்ள ஆப்சென்ட் விழுந்துடும். ஒருநாள் அம்மா, "இனிமே நாம பேரைக் கடைசியிலேர்ந்து கூப்பிடலாமா, எப்பப் பாரு முன்னாடியிலேர்ந்தே கூப்பிட்டு போரடிக்குது"ன்னாங்களாம். பசங்களுக்கு ஜாலி, வெளையாட்டுன்னு நெனச்சிருக்காங்க. அந்த வருஷம் முழுக்க கடைசிப் பேரிலேர்ந்துதான் அட்டெண்டன்ஸ், அவர் பேர் வர்றதுக்குள்ள மூச்சு வாங்க உள்ள வந்து உக்காந்துடுவாராம். ஏன் லேட்டுன்னு ஒருநாள்கூட கேக்கலையாம். எதுக்காக அப்படி மாத்தினாங்கன்னு அவருக்கே இருபது வயசுக்கு மேலதான் உறைச்சிருக்கு.

நான் எழுதின ரெண்டு பக்கத்துல இது ஒண்ணுகூட இல்ல. இருக்கறதுக்கு வழியும் இல்ல, ஏன்னா எனக்கே தெரியாது. அன்னிக்கு ராத்திரிதான் நானும் தம்பியும் பேசி, இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் சேத்து ஒரு சின்ன நினைவு மலர் போடலாம்னு முடிவு பண்ணோம். அதைப் போட்டு முடிக்க பதினோரு மாசம் ஆச்சு. அதுல நாங்க பட்டதும் கத்துக்கிட்டதும்தான் இது. உங்க வீட்டுலயும் ஒரு டீச்சரம்மா இருந்தா, இருந்திருந்தா, பிரயோஜனப்படலாம்.

தம்பி முதல்ல ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு பழைய மாணவர்கள் குரூப்புக்கெல்லாம் அனுப்பினான். "டீச்சரைப் பற்றிய உங்கள் நினைவு"ன்னு ஒரே ஒரு கட்டம். அறுபது எழுபது பேர் போட்டிருந்தாங்க, முக்காவாசி "மிகச் சிறந்த ஆசிரியை", "என் வாழ்வின் வழிகாட்டி". என் ரெண்டு பக்கம் மாதிரியேதான். தப்பு அவங்க மேல இல்ல, கேட்ட கேள்வி அப்படி. டீச்சர் எப்படிப்பட்டவங்கன்னு கேட்டா யாரா இருந்தாலும் பெரிய வார்த்தையத்தான் தேடுவாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சேன். கிளாஸ்ல எங்க நிப்பாங்க? கைல என்ன வெச்சிருப்பாங்க? கோவம் வந்தா முதல்ல என்ன பண்ணுவாங்க? உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க? இந்த மாதிரி அற்பக் கேள்வியா கேட்டா போதும், ஆள் அப்படியே அந்த பெஞ்சுல போய் உக்காந்துடுவாங்க. ஒருத்தங்க "ஜன்னல்கிட்ட நிப்பாங்க, வெயில் முதுகுல படும், ஆனா அங்கேயேதான் நிப்பாங்க, ஏன்னா வெயில் எங்க பெஞ்சுல விழும்"னாங்க. கேட்டுட்டு நான் ஃபோனை அப்படியே பிடிச்சுட்டு இருந்தேன் கொஞ்ச நேரம்.

ரெக்கார்ட் பண்றதுன்னா முன்னாடியே கேட்டுட்டுப் பண்ணுங்க, யாரும் வேணாம்னு சொல்றதில்ல. ஃபோன்ல ரெக்கார்ட் ஆகலன்னா ஸ்பீக்கர்ல போட்டுட்டு பக்கத்துல இன்னொரு ஃபோன் வெச்சா முடிஞ்சுது. பேசி முடிச்ச அன்னிக்கே பாயின்ட்ஸ் எழுதி வெச்சுடுங்க. எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லயே தன்னையே வெச்சு சோதிச்சு எழுதினாரு, மறதியில பெரும்பகுதி முதல் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ளயே நடந்துடும், அப்புறம்தான் வேகம் கொறையும்னு. ரெண்டு நாள் கழிச்சு எழுதிக்கலாம்னு விட்டு நான் மூணு ஃபோன் காலைத் தொலைச்சேன். யார் பேசினாங்கன்னு ஞாபகம் இருக்கு, என்ன சொன்னாங்கன்னு இல்ல. திரும்பக் கேட்டப்போ அவங்க சொன்னது முதல் தடவை மாதிரி வரல.

இதுல நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லணும். வேற வேற வருஷத்துல படிச்ச மூணு பேர், ஒருத்தரையொருத்தர் தெரியாதவங்க, ஒரே விஷயத்தைச் சொன்னாங்க: அம்மா கேள்வி கேட்டுட்டு கையைப் பின்னாடி கட்டிட்டு சும்மா நிப்பாங்களாம். ஏன்னு அவங்களுக்குத் தெரியாது, பழக்கம்னு நெனச்சிருக்காங்க. நாலாவதா ஒரு பொண்ணு பேசினா. அவளை ஒருதடவை கணக்கு போட போர்டுகிட்ட கூப்பிட்டிருக்காங்க, எங்க அம்மாவுக்குப் பின்னாடி அவ நின்னதால கையைப் பாத்துட்டா. பின்னாடி கட்டின கையில வெரல் ஒண்ணொண்ணா மடங்குதாம், கட்டை விரல்ல ஆரம்பிச்சு சுண்டு விரல் வரைக்கும். அஞ்சும் மடங்கின பெறகுதான் யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாம். அவ இதை யார்கிட்டயும் சொல்லலையாம், டீச்சரோட ரகசியம்னு காப்பாத்தியிருக்கா!

இதுக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்குன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்ல இதை கிளாஸ் கிளாஸா அளந்து பாத்திருக்காங்க. டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, உடனே அடுத்த புள்ளைகிட்ட தாவிடறாங்க. அதையே மூணு செகண்டுக்கு மேல இழுத்தா பதில் நீளமாகுது, எப்பவும் வாயத் தெறக்காத புள்ளைங்க பேசுது, தெரியாதுன்னு சொல்றது கொறையுது. அம்மா இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லன்னுதான் நெனைக்கிறேன், எங்கயோ தானாக் கண்டுபிடிச்சிருக்காங்க. இதை நான் ஃபோன்ல பேசும்போது அப்படியே காப்பி அடிச்சேன். கேள்வி கேட்டுட்டு, எதிர்ல ஆள் நிறுத்தினாலும் ம்ம்னு ரொப்பாம விரலை மடக்கிட்டு உக்காந்திருப்பேன். மோதிர விரல் மடங்கும்போதுதான் நெஜமான விஷயமே வெளிய வரும். பத்துல எட்டு தடவை அப்படித்தான். சும்மா இருக்கறது இவ்ளோ கஷ்டம்னு அப்பத்தான் புரிஞ்சுது.

நோட்டு திருத்தறதும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை வீட்டுல ரெண்டு அடுக்கு நோட்டு இருக்கும், அது எங்களுக்கு ஆவாது, அதனாலயே அதுல அம்மா என்ன எழுதறாங்கன்னு நாங்க எட்டிக்கூடப் பாத்ததில்ல. ஒருத்தர் தன்னோட நாலாம் கிளாஸ் கணக்கு நோட்டைப் பத்திரமா வெச்சிருந்து ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். கழித்தல் கணக்கு. ஓரத்துல பென்சில்ல அம்மா கையெழுத்து: "பத்துகிட்ட கடன் வாங்கின, அங்க ஒண்ணைக் கொறைக்க மறந்துட்ட. போய்ப் பாரு." அவ்ளோதான், மார்க் கெடையாது. மார்க் அடுத்த நாள் தேதி போட்டு கீழ ரெட் இங்க்ல இருக்கு. கிளாஸ்ல பசங்க மார்க் எங்கன்னு கேட்டா "மார்க் நாளைக்கு"ன்னுதான் சொல்லுவாங்களாம், அதுவே அவங்களுக்குப் பட்டப்பேரா ஆயிருக்கு, "மார்க்நாளைக்கு டீச்சர்". எங்களுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கோம் பாருங்க. ரூத் பட்லர்னு ஒருத்தங்க 1988ல இதையே சோதிச்சிருக்காங்க, வெறும் குறிப்பு மட்டும் எழுதிக் குடுத்த புள்ளைங்க முன்னேறினாங்க, குறிப்போட மார்க்கையும் சேத்துக் குடுத்தப்போ அந்தப் பலன் போயிடுச்சு, ஏன்னா மார்க்கைப் பாத்ததும் குறிப்பை யாரும் கண்டுக்கறதில்ல. டீச்சரா இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வாரம் பண்ணிப் பாருங்க, செலவில்லாத விஷயம்.

இவ்ளோ நேரம் நல்ல டீச்சர் கதை. வீட்டுக்கதை வேற.

அம்மாவுக்கு எப்பவும் தொண்டை கட்டியிருக்கும். நாப்பது வயசுல குரல் நாண்ல சின்னச் சின்ன முடிச்சு இருக்குன்னு டாக்டர் சொன்னார், டீச்சர், பாடகர் மாதிரி குரலை வெச்சுப் பொழைக்கறவங்களுக்கு அதிகமா வர்ற பிரச்சனை. குரலுக்கு ரெஸ்ட் குடுக்கணும், தண்ணி நெறைய குடிக்கணும், கத்தக் கூடாது, கிசுகிசுன்னு பேசறதும் தொண்டைக்கு ரெஸ்ட் இல்லன்னு சொல்லி அனுப்பினாங்க. கிளாஸ்ல பேசாம எப்படி இருக்கறது, அதனால அம்மா கண்டுபிடிச்ச வழி வீட்டுல பேசாம இருக்கறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்க வீட்டுல அம்மா ஊமை. டஸ்டரை மேஜையில தட்டற மாதிரி விரலால ரெண்டு தட்டு தட்டினா "இங்க வா", ஒரு தட்டு "போதும், நிறுத்து". கதை சொல்லித் தூங்க வெக்கறதெல்லாம் எங்க வீட்டுல அப்பாதான். கிளாஸ்ல நாப்பது புள்ளைங்களுக்குக் கதை சொன்ன அம்மா எங்களுக்குச் சொல்லல. தம்பி அதை இன்னும் மறக்கல. மலர் வேலை நடுவுல ஒருநாள், "எல்லாரும் டீச்சர் கொரலு கொரலுங்கறாங்க அக்கா, நமக்கு மிஞ்சினது தட்டுதான்"ன்னான். நான் அவனை சமாதானப்படுத்தப் போகல. உண்மையத்தானே சொன்னான்.

அர்ப்பணிப்புன்னு சொல்றோமே, அந்த நேரம் எங்கேருந்தோ வந்து தொலையணும்ல. எங்க வீட்டுல அது எங்க சாயங்காலத்துலேருந்து வந்துச்சு. 1966ல யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து ஆசிரியர்கள் நிலை பத்தி ஒரு பரிந்துரை போட்டாங்க, அதுல பாடம் தயார் பண்றதுக்கும் மதிப்பிடறதுக்கும் ஆகற நேரத்தையும் கணக்குல எடுத்துட்டுதான் வேலை நேரத்தை முடிவு பண்ணணும்னு இருக்கு, குடும்பப் பொறுப்பு இருக்கற பெண் ஆசிரியர்களோட குழந்தைங்களுக்குக் காப்பகம் மாதிரி ஏற்பாட்டை யோசிக்கணும்னுகூட இருக்கு. அப்பவே காகிதத்துல எழுதிட்டாங்க. அம்மா வேலைக்குச் சேரும்போது அந்தக் காகிதத்துக்கே பல வருஷம் வயசாயிருந்துச்சு, ஆனா எங்க சாயங்காலம் என்னமோ நோட்டு அடுக்குக்குப் பின்னாடிதான் போச்சு.

நான் ஒரு வருஷம் அம்மா கிளாஸ்லயே படிச்சேன். இது தனிக் கொடுமை, அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். கேட்டைத் தாண்டினதும் அவங்க டீச்சர். நல்லா எழுதினாலும் அரை மார்க் கொறையும், "உன் புள்ளைக்குப் போட்டுட்டன்னு பேர் வரக்கூடாது". ஒருநாள் பென்சில் சீவற பிளேடு விரல்ல ஆழமா வெட்டிடுச்சு, ரத்தத்தைப் பாத்து நான் அம்மான்னு கத்திட்டேன். கிளாஸே சிரிச்சுது. அம்மா திரும்பிப் பாத்து, "டீச்சர்னு சொல்லு"ன்னாங்க. இது என் ஞாபகம். முப்பது வருஷமா இதை ஒரு முள்ளு மாதிரி வெச்சிருந்தேன். தம்பிகிட்ட சொன்னா அவன் "இல்லக்கா, உன்னைக் கையப் பிடிச்சு ஸ்டாஃப் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் கட்டு போட்டு விட்டாங்க, அம்மாவே என்கிட்ட சொன்னாங்க"ங்கறான். ரெண்டு பேரும் ரெண்டு நாள் சண்டை, இதுக்கெல்லாமான்னு கேக்காதீங்க, சாவு வீட்டுல எதுக்கு வேணா சண்டை வரும். அப்புறம் என்கூட அந்தக் கிளாஸ்ல படிச்சவ ஒருத்தி மாட்டினா. அவ சொன்னது மூணாவது கதை. டீச்சர்னு சொல்லுன்னு சொன்னது நெஜம்தானாம், வேற ஒரு பொண்ணோட என்னை அனுப்பி வெச்சுட்டு அம்மா போர்டு பக்கம் திரும்பி எழுத ஆரம்பிச்சாங்களாம், சாக்பீஸ் ரெண்டு தடவை ஒடஞ்சுதாம், தேதிய தப்பா எழுதி அழிச்சு திரும்பவும் தப்பாவே எழுதினாங்களாம். டீச்சருக்குத் தேதி தெரியலன்னு பசங்க கிண்டல் பண்ணதால அவளுக்கு ஞாபகம் இருக்கு.

பார்ட்லெட்னு ஒரு உளவியல்காரர் 1932லயே சொல்லிட்டாரு, ஞாபகம்ங்கறது அலமாரியிலேர்ந்து எடுக்கற பொருள் மாதிரி இல்ல, ஒவ்வொரு தடவையும் நாம புதுசாக் கட்டறதுன்னு. அதனால எது சரின்னு நீதிபதி மாதிரி தீர்ப்பு சொல்லப் போகாதீங்க. நாங்க மூணையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மலர்ல போட்டோம், யார் சொன்னதுன்னு மட்டும் குறிச்சோம். எனக்கு மூணாவதுதான் வேணும், தம்பிக்கு ரெண்டாவது. அவங்கவங்க எடுத்துக்கலாம்.

இன்னொரு ஃபோன் கால் பத்திச் சொல்லாம விட முடியாது. ஒருத்தங்க, நான் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே, "உங்க அம்மா என்னை எல்லார் முன்னாடியும் 'உனக்கு இது வராது, உக்காரு'ன்னு சொன்னாங்க, 26 வருஷம் ஆச்சு"ன்னாங்க. அம்மாவுக்காக பரிஞ்சு பேச வாய் வரைக்கும் வந்துடுச்சு. விரலை மடக்கிட்டு இருந்தேன். அஞ்சாவது விரல்ல அவங்களே சொன்னாங்க, "மறுநாள் கூப்பிட்டு மன்னிப்பு கேட்டாங்க. ஆனா தனியா கேட்டாங்க. சொன்னது எல்லார் முன்னாடியும்." இதை மலர்ல போடலாமான்னு கேட்டேன், "போடுங்க, பேர் வேணாம்"னாங்க. சித்தி ரொம்ப எதிர்த்தாங்க, செத்தவங்களைப் பத்தி இதெல்லாமா அச்சுல ஏத்துவாங்க, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு. அப்பா ஒரு வார்த்தை பேசல, ரெண்டு நாள் கழிச்சு "போடு, அவ தனியா மன்னிப்பு கேட்டா, இப்போ எல்லார் முன்னாடியும் கேட்ட மாதிரி இருக்கட்டும்"னு மட்டும் சொன்னார். மலர் வெளிய வந்ததும் அதிகம் பேர் பேசினது இந்தப் பக்கத்தைப் பத்திதான். ஒரு கொறைகூட இல்லாத ஆள் கதைய யாரும் நம்ப மாட்டாங்க, இது என் அபிப்பிராயம், சித்தி இன்னும் ஒத்துக்கல.

நடுவுல ஆறுதல் சொல்ல வந்தவங்க, துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்கு, நீ இப்போ கோவக் கட்டத்துல இருக்கேன்னு கட்டம் கட்டினாங்க. எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969ல அதை எழுதினது சாகப் போற நோயாளிங்களைப் பாத்து, பறிகுடுத்தவங்களைப் பாத்து இல்ல. எனக்கெல்லாம் ஒரே நாள்ல அஞ்சு கட்டமும் வந்துட்டுப் போகும், சில நாள் எதுவுமே வராது, சும்மா பசிக்கும். வரிசைப்படி வரலையேன்னு கவலைப்படாதீங்க.

இப்போ பொருள் விஷயம், இதுல நாங்க நெறைய கோட்டை விட்டோம்.

குரல்தான் முதல்ல. அம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் என் ஃபோன்ல ரெண்டு வருஷத்துது இருந்துச்சு, ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு காட்டினப்போ, அம்மா உயிரோட இருக்கும்போதுதான், சாட் முழுசையும் கிளியர் பண்ணிட்டேன். போச்சு. தம்பிகிட்ட நாப்பது சொச்சம் இருந்துச்சு, எல்லாம் "வந்துட்டியா", "ஃபோனை எடு", "எடுக்க மாட்டியா" ரகம். அதுல பதினோரு செகண்ட் ஒண்ணு இருக்கு, பேச ஆரம்பிச்சு இருமல் வந்து, "அப்புறம் சொல்றேன்"னு முடிஞ்சுடும். என்ன சொல்ல வந்தாங்கன்னு அவனுக்கும் தெரியல. இதையெல்லாம் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்துங்க, ஃபோன் மாத்தும்போது போயிடும். அவங்க ஃபோனை அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணாதீங்க, சிம்மையும் உடனே விடாதீங்க, பல கணக்குக்கு ஓடிபி அதுலதான் வரும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் உபயோகத்துல இல்லன்னா பொதுவா அழிஞ்சுடும். கூகுள் கணக்கு ரெண்டு வருஷம் தொடாம கெடந்தா அழிக்கறோம்னு 2023ல கொண்டு வந்துட்டாங்க, ஃபோட்டோவும் சேத்துப் போயிடும். உயிரோட இருக்கறவங்க கூகுள் செட்டிங்ஸ்ல செயல்படாத கணக்கு மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, அதுல நம்பிக்கையான ஆளைப் போட்டு வெச்சுடலாம். நான் போட்டுட்டேன், தம்பிய.

ஃபோட்டோ, காகிதம்னு வந்தா எழுத்து மட்டும் இருக்கறதை 300 டிபிஐலயும் (ஸ்கேன் எவ்ளோ நுணுக்கமா எடுக்குதுங்கற அளவு) ஃபோட்டோவ 600லயும் ஸ்கேன் பண்ணினோம். ஸ்கேனர் இல்லன்னா ஜன்னல் வெளிச்சத்துல ஃபிளாஷ் இல்லாம ஃபோன்லயே எடுக்கலாம். பழைய ஒட்டற ஆல்பம் இருக்கு பாருங்க, பிளாஸ்டிக் தாளை உரிச்சு ஒட்டறது, அந்தப் பசை ஃபோட்டோவத் தின்னுடும், வலிச்சுப் பிய்க்காதீங்க, முதல்ல ஆல்பத்தோடவே படம் எடுத்துட்டு அப்புறம் மெதுவாப் பாருங்க. கிழிஞ்சதுக்கு செலோ டேப் ஒட்டறது, பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்றது, ரெண்டும் வேணவே வேணாம். ஃபோட்டோ பின்னாடி பேர் எழுதினா பால்பாயின்ட் அழுத்தினா முன்னாடி தெரியும், ஓரத்துல மெல்லிசா பென்சில்ல எழுதுங்க. ஃபைல் பேரை வருஷத்துல ஆரம்பிச்சா தானே வரிசையா நிக்கும். மூணு காப்பி, ஒண்ணாவது வேற ஒருத்தர் வீட்டுல. குரூப் ஃபோட்டோவுல யார் யார்னு சொல்றதுக்கு அம்மாகூட வேலை பாத்த ஒரு டீச்சர்தான் இருந்தாங்க, 80 வயசு, ரெண்டு மத்தியானம் உக்காந்து வரிசை வரிசையா பேர் சொன்னாங்க, பாதிப் பேருக்கு அவங்க அடிச்ச சேட்டையும் சேத்து. இந்த வேலைய முதல்ல பண்ணிடுங்க, ஸ்கேனிங் காத்திருக்கும், மனுஷங்க காத்திருக்க மாட்டாங்க.

கைப்பைய நான்தான் பிரிச்சேன். காகிதத்துல சுத்தின சாக்பீஸ் துண்டு, ரெட் ரீஃபில் நாலு, சேஃப்டி பின், மூக்குக்கண்ணாடித் துணி. அடியில மடிச்ச ஒரு பொட்டலம், பிரிச்சா ஒரு பால் பல்லு. தாள்ல ஒரு பேரும் "அம்மாவிடம் கொடுக்கவும்"னும் எழுதியிருக்கு. எந்த வருஷத்துப் புள்ளையோ, குடுக்க மறந்திருக்காங்க. முழுப் பேர் இல்லாததால கண்டுபிடிக்க முடியல. இப்பவும் என் அலமாரியில இருக்கு.

அம்மாவோட டைரிதான் தர்மசங்கடம். ஒவ்வொரு புள்ளையப் பத்தியும் வீட்டு நெலமை வரைக்கும் எழுதி வெச்சிருந்தாங்க, யார் வீட்டுல என்ன கஷ்டம், யாருக்குக் கண்ணு சரியாத் தெரியல, யார் முன்னாடி அப்பா பேச்சை எடுக்கக் கூடாது. மலருக்கு அதைவிட நல்ல சரக்கு கெடைக்காதுன்னு தம்பிக்கு ஆசை. நான் வேணாம்னுட்டேன், அது அந்தப் புள்ளைங்க சொத்து, எங்களுது இல்ல. ஸ்கேன்கூடப் பண்ணல. தன்னைப் பத்தி ஏதாவது இருக்கான்னு கேட்டவங்களுக்கு மட்டும் அவங்க பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்தோம். முதல்ல சொன்னேனே அந்த லேட்டு ஆள், அவர் பக்கத்துல ரெண்டே வரி. "காலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறான். பெயர் வரிசையை மாற்றவும்." அவர் அதை மடிச்சு பர்ஸுல வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டார்.

அச்சு வேலையில சின்னச் சின்ன விஷயம். நடுவுல பின் அடிக்கிற புக்குன்னா பக்கம் நாலோட மடங்குல வரணும், எங்களுக்கு 45 பக்கம் வந்து நின்னுச்சு, மூணு பக்கம் ரொப்பறதுக்குத்தான் தம்பிகிட்ட நீயும் எழுதுடான்னேன். அவன் அரைப் பக்கம்தான் எழுதினான். ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மா அவன் கட்டில்ல உக்காந்துதான் நோட்டு திருத்துவாங்களாம், அப்படியே தூங்கிடுவாங்களாம், ரெட் பேனா மூடாம பெட்ஷீட்ல கெடக்கும், காலைல பாத்தா ஒரு பெரிய சிவப்புக் கறை. "என் பெட்ஷீட் எல்லாத்துலயும் கறை இருந்துச்சு, நண்பர்கள் வந்தா வெக்கமா இருக்கும். அம்மா பேசல, ஆனா என் கட்டில்லதான் வந்து உக்காந்தாங்க"ன்னு முடிச்சிருந்தான். படிச்சுட்டு நான் ஒண்ணும் கேக்கல, அவனும் என் மூஞ்சிய பாக்கல. மீதிப் பக்கத்துக்கு அந்தக் கழித்தல் கணக்கு நோட்டை பெருசாப் போட்டு ரொப்பிட்டோம்.

வயசானவங்க படிப்பாங்கன்னு எழுத்தைப் பெருசா வெச்சோம். பிழைதிருத்தம் நாங்களே பாத்துக்கிட்டோம், அதுதான் தப்பு, பதினோரு மாசம் பாத்த கண்ணுக்குப் பிழை தெரியாது, வெளியாள்கிட்ட குடுத்திருக்கணும். மொத்தமா அடிச்சு அனுப்பிட்டோம்.

ரெண்டு வாரத்துல ஒரு காப்பி தபால்ல திரும்பி வந்துச்சு. அட்ரஸ் தப்போன்னு பிரிச்சா, நாலு எடத்துல ரெட் இங்க்ல வட்டம். பதினாலாம் பக்கத்துல "கற்ப்பித்தல்"னு அடிச்சிருக்கோம், ஒரு டீச்சர் நினைவு மலர்ல, அதுல அந்த ப்ங்கற எழுத்தை அடிச்சு விட்டிருந்துச்சு. முப்பதாம் பக்கத்துல ஒரு வருஷம் தப்பு. பின் அட்டை உள்பக்கத்துல பென்சில்ல, "நல்ல முயற்சி. 14, 19, 30, 41 போய்ப் பாரு. மார்க் நாளைக்கு"ன்னு எழுதியிருந்துச்சு, அனுப்பினவங்க பேர் இல்ல. தம்பி அதைப் பாத்துட்டு சிரிக்க ஆரம்பிச்சு நிறுத்தவே இல்ல. மறுநாள் அவன்தான் கேட்டான், "அக்கா, தபால் வந்துச்சா?"